விரலா, காதா, நெற்றியா, ஊசியா? முதியவரின் ஆக்சிஜன் அளவை எங்கே எடுப்பது

எண்பதைத் தொட்ட பாட்டி. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஏசி குளிரில் டிராலியில் படுத்திருக்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல் கிளிப் (பல்ஸ் ஆக்சிமீட்டர்) 84 என்கிறது, அடுத்த நொடி 93, அப்புறம் வெறும் கோடு. பாட்டியோ மூச்சு இரைக்காமல் தெளிவாகப் பேசுகிறார். எந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது? ஆக்சிஜன் வைக்கும் முன், வெறும் காற்றில் எடுக்கும் இந்த அளவு முக்கியம். இது தப்பினால், ஆபரேஷன் முடிந்து 91 காட்டும்போது அது அவருக்கு வழக்கமானதா, புதுச் சிக்கலா என்று சொல்ல முடியாது.

இந்தக் கருவிக்கு அடிப்படையான யோசனை 1974இல் ஜப்பானின் டகுவோ அவோயாகியிடமிருந்து வந்தது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் சதைக்குள் போகின்றன. துடிக்கும் ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்குப் போடுகிறது. துடிப்பு கிடைக்காவிட்டால் கணக்கும் இல்லை. முதியவர் விரலில் சிக்கல் அங்கேதான்: சுருங்கிய ரத்தக்குழாய், சில்லென்ற தோல், தடித்த நகம், கை நடுக்கம், சீரற்ற இதயத் துடிப்பு.

அதற்காக விரலை உடனே கைவிட வேண்டாம். பாதி நேரம் தப்பு நம்முடையது. பிபி கட்டிய கையிலேயே கிளிப்பை மாட்டியிருப்போம். அடர்ந்த மருதாணி இருந்தால் வேறு விரல் பாருங்கள். நகம் தடித்திருந்தால் கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் போடலாம். கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். வெந்நீர்ப் பை வேண்டாம், அந்த வயதுத் தோல் சட்டென்று வெந்துவிடும். எண்ணுக்கு முன் திரையில் ஓடும் துடிப்பு அலையைப் பாருங்கள். அலை சீராக இல்லாமல் 98 காட்டினாலும் நான் எழுத மாட்டேன்.

அப்போதும் விரல் ஒத்துழைக்கவில்லையா? என் ஓட்டு காதுமடலுக்கு. குளிரில் விரல் அளவுக்கு அது சுருங்குவதில்லை, ஆக்சிஜன் குறைந்தாலும் முன்னதாகக் காட்டும். குளிர்ந்த விரலில் அந்தத் தாமதம் ஒரு நிமிடத்தையும் தாண்டலாம். ஆனால் காதுக்கென்று செய்த கிளிப் வேண்டும். விரல் கிளிப்பைக் காதில் கவ்வ விடுவது நம்மிடம் சர்வசாதாரணம். அதில் வரும் எண்ணுக்கு உத்தரவாதம் கிடையாது. காது குத்திக் குத்தித் தொங்கிப்போன மடலிலும் கிளிப் சரியாக உட்காராது.

நெற்றி சென்சார் ரத்த ஓட்டம் குறைந்தவர்களிடம் இன்னும் நன்றாக வேலை செய்யும். புருவத்துக்கு மேலே ஒட்டி, பட்டையைக் கட்ட வேண்டும். பட்டை அலங்காரம் இல்லை: அதன் லேசான அழுத்தம்தான் சிரைகளின் துடிப்பை அடக்குகிறது. தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்தால் சிரை ரத்தம் தேங்கி, இல்லாத குறைவைக் காட்டும். விலையும் அதிகம், அதனால் பல இடங்களில் இருக்காது.

கால் விரல்? முதியவருக்கு அது கடைசி இடம். சர்க்கரை நோயும் ரத்தக்குழாய் அடைப்பும் முதலில் பதம் பார்ப்பது காலைத்தானே.

மிச்சம் இருப்பது ஊசி, அதாவது ஏபிஜி: தமனி ரத்தத்தை எடுத்து அதிலுள்ள வாயுக்களை அளக்கும் சோதனை. மணிக்கட்டுத் தமனியில் குத்துவது வலிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசி தப்பிச் சிரையில் போனால், அந்த முடிவைப் பார்த்து வீணாகப் பதறுவோம். இன்னொரு பொறி: 80 வயதில் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 75 மிமீ பாதரசம் இருப்பதும் இயல்பாகலாம், இளைஞரின் 95ஐ எதிர்பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் இதை எடுப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒளியால் சொல்ல முடியாததை இது சொல்லும். கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறதா என்பது அதில் ஒன்று. பீடி பிடித்தவர் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடைக் கிளிப் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். அதைப் பிரித்துக் காட்ட கோ-ஆக்சிமீட்டர் உள்ள ஏபிஜி மெஷின் வேண்டும். தோல் நிறமும் கிளிப்பை ஏமாற்றும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளிடம் சுமார் 12 சதவீதம், வெள்ளையரிடம் 4 சதவீதத்துக்கும் குறைவு. கறுத்த தோலில் 92 வந்து, நெஞ்சுச் சளியும் இருந்தால் நான் ஊசியை எடுத்துவிடுவேன்.

பாட்டிக்கு அது தேவையில்லை. போர்வை, காது கிளிப், சீரான அலை, 94. பக்கத்தில் ‘இடது காது, வெறும் காற்று’ என்று எழுதிவிட்டால், ரெக்கவரியில் இருக்கும் சிஸ்டர் விரலோடு மல்லுக்கட்ட மாட்டார்.