பழைய 17 அங்குல எல்சிடி மானிட்டர்: கெபாசிட்டர் மாற்றிய பிறகு எத்தனை நாள் ஓடும்?

2005, 2006 வாக்கில் வாங்கிய எல்சிடி மானிட்டர் ஒரு நாள் எரியாமல் நின்றால் அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பேனல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது பவர் போர்டில் இருக்கும் நாலைந்து எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள்தான் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்கும், உள்ளே திரவம் உள்ள சிறு உருளைகள்). அவற்றைச் சரியாக மாற்றினால் மானிட்டர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அரைகுறையாக மாற்றினால் சில மாதங்களில் அதே கோளாறோடு மேசைக்குத் திரும்புகிறது.

திறப்பதற்கு முன் கோளாறைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படம் வந்து இரண்டு நொடியில் இருண்டு, பவர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறதா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் பிழைத்திருக்கின்றன. அணைவது திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட் மட்டும். பவர் விளக்கு விட்டுவிட்டுத் துடித்தால் சப்ளை கிளம்ப முடியாமல் திணறுகிறது என்று பொருள். காலையில் பத்து நிமிடம் அடம்பிடித்துவிட்டு, சூடான பிறகு ஒழுங்காக ஓடும் மானிட்டரில் கெபாசிட்டரின் உள்ளிருக்கும் திரவம் வறண்டு, ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் மின்தடை) ஏறியிருக்கும். சூடானால் அது சற்று இறங்குவதால்தான் ஓடுகிறது. மேலிருந்து கீழாக ஒரு வண்ணக் கோடு நிரந்தரமாக நின்றால் பேனல் விளிம்பு இணைப்பு போய்விட்டது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஸ்டாண்டைக் கழற்றினால் திருகுகள் தெரியும். முன் சட்டம் கொக்கிகளில் மாட்டியிருக்கும். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டுக் கீழ் விளிம்பிலிருந்து நெம்பினால் உடையாமல் வரும். பட்டன் போர்டுக்குப் போகும் மெல்லிய வயரை இழுத்துவிடக் கூடாது.

உள்ளே 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய பெரிய கெபாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் மின்சாரம் அதில் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேஷன் உள்ள வயரில் இணைத்து, பத்து நொடி அந்தப் பெரிய கெபாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே பிடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே போர்டைத் தொடுங்கள்.

இப்போது 5 வோல்ட், 12 வோல்ட் லைன்களில் இருக்கும் கெபாசிட்டர்களைக் கவனியுங்கள். நல்லதன் தலை தட்டையாகப் பளபளக்கும். கெட்டதன் தலை உப்பி, நடுவில் இருக்கும் வெட்டுக்கோடு பிளந்து, ஓரத்தில் பழுப்புப் பொருக்கு கட்டியிருக்கும். பலரும் தவறுவது இங்கேதான்: உப்பியதை மட்டும் மாற்றுகிறார்கள். அதே வெப்பத்தில் அத்தனை வருடம் வெந்த பக்கத்துக் கெபாசிட்டர், தலை தட்டையாக இருந்தாலும் ஈஎஸ்ஆர் மீட்டரில் தோற்றுவிடும். அதனால் லைனில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். பிரைமரி பக்கம், அதாவது 230 வோல்ட் நுழையும் பக்கம், கட்டுப்பாட்டு ஐசிக்கு அருகில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் குட்டி ஒன்று இருக்கும். அது உப்பாமலே வறண்டுபோகும். விளக்கு துடிக்கும் கோளாறுக்குப் பல நேரம் அதுவே காரணம்.

வாங்கும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரோஃபாரட் அளவு பழையபடியே இருக்கட்டும்; வோல்ட் ஒரு படி கூடலாம், குறையக் கூடாது. 16 வோல்ட் இடத்தில் 25 வோல்ட் போடலாம், ஆனால் உயரம் கூடினால் தகரக் கூடு மூடாது. விட்டத்தையும் உயரத்தையும் ஸ்கேலில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கிரவுண்ட் கால் அகலமான செம்போடு ஒட்டியிருப்பதால் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு ஈயம் உருகாது. 60 வாட் தேவை. புது ஈயம் கொஞ்சம் சேர்த்துச் சூடாக்கினால் கால் தானே நழுவும். இழுத்தால் பேடு (கால் ஒட்டியிருக்கும் செம்புத் தடம்) பெயர்ந்துவிடும். பழையதைக் கழற்றும் முன் நெகட்டிவ் பட்டை எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் இரண்டு நொடியில் இருண்டால் பேக்லைட்டாக எரியும் மெல்லிய டியூப்களையும், அவற்றுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் பகுதியையும் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு டியூபில் மின்னோட்டம் குறைந்தாலும் பாதுகாப்பு சர்க்யூட் எல்லா டியூப்களையும் சேர்த்து அணைத்துவிடும். போர்டில் ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்பார்மர் இருந்தால் இரண்டின் செகண்டரி (டியூப் பக்கச் சுருள்) ஓம் அளவையும் ஒப்பிடுங்கள்; ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் அதுதான் குற்றவாளி. திரை இளஞ்சிவப்பாகத் தொடங்கி மெல்ல வெளுத்தால் டியூப் தேய்ந்திருக்கிறது. டியூபில் பாதரசம் உண்டு, உடைக்காதீர்கள்.

டியூப் போனால் எல்ஈடி கிட் போடலாம். மூன்று எல்ஈடிக்கு ஒரு இடத்தில் வெட்டும் பட்டை அது. பழைய இன்வெர்ட்டருக்குப் போகும் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, கிட்டில் வரும் புது டிரைவர் போர்டின் ஆன், டிம் வயர்களை மெயின் போர்டிலிருந்து வரும் அதே பெயருள்ள முனைகளில் சேர்க்க வேண்டும். வெளிச்சம் நன்றாக வரும், நிறம் சற்று நீலம் தட்டும். பட்டை நேராக உட்காராவிட்டால் கீழ் விளிம்பில் புள்ளிப் புள்ளியாக ஒளி தெரியும். வெறும் ஒட்டுநாடா வெயில் காலத்தில் இளகிவிடுகிறது, அதை நம்பக் கூடாது.

நீண்ட கால உழைப்பைத் தீர்மானிப்பது வெப்பம். பிரைட்னஸை 100இல் வைக்காமல் 60க்கு இறக்குங்கள். ஸ்டாண்ட்பையில் விட்டாலும் 5 வோல்ட் லைன் உயிரோடுதான் இருக்கும், ஆகவே இரவில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். கூட்டை மூடும் முன் அரை மணி நேரம் ஓடவிட்டு 5 வோல்ட் லைனை அளந்து பாருங்கள்: 4.9க்கும் 5.2க்கும் இடையில் அசையாமல் நின்றால் திருகுகளைப் பூட்டலாம்.