180 டாலர் புத்தகமா, 180 நாள் மின்னூலா?

கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகத்தில் ஒரு கணிதப் பேராசிரியருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். 2015-இல் பெரிய செய்தியானது. துறை சொன்ன பாடநூலை அவர் வைக்கவில்லை, அதுதான் குற்றம். அந்த நூல் சுமார் 180 டாலர். எழுதியவர்கள் அதே துறையின் தலைவரும் துணைத்தலைவரும். கண்டனம் பெற்ற பேராசிரியர் வைத்ததோ சுமார் 75 டாலர் நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களும்.

சொந்தப் புத்தகத்தைப் பாடமாக வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். தான் எழுதியதை ஒருவர் நன்றாகவே நடத்துவார். ஆனால் வாங்குகிற மாணவருக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அச்சுப் புத்தகத்தில் வழி உண்டு. பழைய பிரதி வாங்கலாம், பருவம் முடிந்ததும் விற்கலாம், இரண்டு பேர் சேர்ந்து படிக்கலாம். அப்படிக் கைமாறும் பிரதியால் ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் ஒரு காசு வராது. அதனால்தான் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. பாடம் பெரிதாக மாறாது, பயிற்சிக் கணக்குகளின் வரிசை மாறிவிடும். 5.3-ஆம் பகுதியில் 17-வது கணக்கு என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், பழைய புத்தகம் வைத்திருப்பவர் வேறு கணக்கைப் போட்டுக்கொண்டு வருவார்.

மின்னூல் விலையைப் பார்த்தால் மலிவுதான். ஆனால் பல நேரம் அது வாடகை. 180 நாள் போனால் திறக்காது. வாங்கிய புத்தகத்தை விற்கும் உரிமை, வெளிநாட்டில் அச்சான பிரதிக்கும் உண்டு என்று 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னூலில் கிடைப்பது படிப்பதற்கான வெறும் அனுமதி, அதை விற்க முடியாது.

என் கணக்கில் மிக மோசமானது ஆக்சஸ் கோடு, அதாவது பதிப்பகத்தின் இணையதளத்துக்குள் நுழைய ஒரே ஒருமுறை பயன்படும் குறியீடு. வீட்டுப்பாடமும் தேர்வும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கும். கோடு வாங்காதவருக்கு அந்த மதிப்பெண் கிடையாது. பழைய பிரதி வாங்கினால் அட்டைக்குள் ஏற்கெனவே சுரண்டிப் பயன்படுத்திய கோடுதான் இருக்கும்.

சரி, இலவசம்? அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் திட்டம் 2012 முதல் பாடநூல்களை பிடிஎஃப்பாகவே தருகிறது. பெரும்பாலானவற்றைப் பேராசிரியர் திருத்தலாம், தன் அத்தியாயத்தையும் சேர்க்கலாம். முதல், இரண்டாம் ஆண்டுப் பாடங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதற்கு மேற்பட்ட ஆண்டுப் பாடங்களுக்கு இப்படி இலவச நூல்கள் குறைவு. அங்கே பழைய பதிப்பே போதும், பேராசிரியர் வீட்டுப்பாடக் கணக்குகளைத் தனித்தாளில் அடித்துக் கொடுத்துவிட்டால்.