எஞ்சின் கட்டுப்பாட்டில் ஸ்லைடிங் மோடா, ஹெச்-இன்ஃபினிட்டியா?

பெட்ரோல் எஞ்சினின் போக்கு வேகத்துக்கும் சுமைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு நிலையில் டியூன் செய்த பிஐடி கண்ட்ரோலர் (பிழையின் அளவு, சேர்க்கை, மாறும் வேகம் ஆகியவற்றை வைத்துக் கட்டளையிடும் வழக்கமான முறை) மற்ற நிலைகளில் தடுமாறுகிறது. இதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் முறைகளுள் ஸ்லைடிங் மோடும் ஹெச்-இன்ஃபினிட்டியும் முக்கியமானவை. முன்னது, பிழை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிராக வலுவான கட்டளையைச் சட்டென மாற்றித் தருவது; பின்னது, மாதிரியின் நிச்சயமின்மையை முன்கூட்டியே கணக்கிட்டு, மோசமான நிலையிலும் பிழை எல்லை மீறாதபடி வடிவமைப்பது. கட்டளைக்கும் அதன் விளைவு சென்சாரில் தெரிவதற்கும் இடையிலான தாமதத்தை வைத்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எலக்ட்ரானிக் த்ராட்டிலில் ஒரு டிசி மோட்டார் பற்சக்கரங்கள் வழியாகக் காற்றுத் தகட்டைத் திருப்புகிறது. மின்சாரம் நின்றாலும் வண்டி ஊர்ந்தாவது நகர வேண்டும் என்பதற்காக, ஸ்பிரிங்குகள் அத்தகட்டைச் சற்றே திறந்த நிலையில் நிறுத்துகின்றன. அந்த இடத்தைக் கடக்கும்போது ஸ்பிரிங் விசை சட்டெனத் திசை மாறுகிறது. உராய்வோ தகட்டை முதலில் பிடித்துவைத்துப் பிறகு திடீரென விடுகிறது. இவற்றின் துல்லியமான சமன்பாடு ஸ்லைடிங் மோடுக்குத் தேவையில்லை. அவற்றின் உச்ச அளவு தெரிந்தால், அதை மிஞ்சும் கட்டளையால் தகட்டை வேண்டிய கோணத்துக்குக் கொண்டுவந்துவிடும். கட்டளை இருபுறமும் மாறி மாறிப் பாய்வதால் எழும் சடசடப்பே இதன் குறை. அதையும் கட்டளையைத் தாவவிடாமல் தொடர்ச்சியாக மாற்றும் சூப்பர் ட்விஸ்டிங் போன்ற உத்திகள் பெருமளவு தணிக்கின்றன. நேரியல் மாதிரியிலிருந்து தொடங்கும் ஹெச்-இன்ஃபினிட்டி, உராய்வு முழுவதையும் நிச்சயமின்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதால், இங்கே தேவைக்கு மேல் எச்சரிக்கையாகி மந்தமாகிவிடுகிறது.

காற்று-எரிபொருள் விகிதத்தில் நிலைமை தலைகீழ். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் மூவழி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்ய, அவ்விகிதம் ஏறத்தாழ 14.7-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ஆனால் இன்ஜெக்டர் தெளித்த பெட்ரோல் எரிந்து, புகையாகி, அதிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லேம்டா சென்சாரை எட்டும்வரை கண்ட்ரோலருக்கு எதுவும் தெரியாது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு மட்டும் 750 ஆர்பிஎம்மில் 160 மில்லிவினாடியும், 6000 ஆர்பிஎம்மில் 20 மில்லிவினாடியும் ஆகும். இவ்வளவு தாமதத்தோடு ஸ்லைடிங் மோட் கட்டளையை மாற்றினால், கலவை பெட்ரோல் மிகுவதற்கும் குறைவதற்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். (கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்துவைப்பதால் சிறு ஊசலாட்டம் தீங்கில்லை, பெரிதானால்தான் சிக்கல்.) எஞ்சின் வேகத்தையே மாறும் அளவுருவாகக் கொள்ளும் எல்பிவி (அளவுருவுக்கேற்ப மாறும் நேரியல் மாதிரி) வகை ஹெச்-இன்ஃபினிட்டியோ, தாமதம் மாறினாலும் வரையறுத்த எல்லைக்குள் நிலைத்தன்மையை உறுதிசெய்கிறது.

இருந்தும் எஞ்சினை இயக்கும் கணினிகளான இசியுக்கள் பலவற்றில் இன்றும், பிழைக்கு எவ்வளவு எதிர்வினை என்ற கெயின் அட்டவணைப்படி மாறும் பிஐ கண்ட்ரோலர்களே (பிஐடியின் எளிய வடிவம்) இருப்பதில் வியப்பில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி உதறினால், காலிப்ரேஷன் பொறியாளர் அட்டவணையில் அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும். ஹெச்-இன்ஃபினிட்டியிலோ எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எடைச் சார்புகளை மாற்றி, கண்ட்ரோலரையே மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கும்.