மழலையர் பள்ளிக்கு வாங்கிய வெல்க்ரோ ஷூ: ஒரு தையல்காரியின் பார்வையில்

மகள் வரும் பள்ளி ஆண்டில் மழலையர் வகுப்பில் சேருகிறாள். அதற்காக வாங்கிய ஷூவைப் பற்றித்தான் எழுதுகிறேன். கறுப்பு நிறம், குறுக்கே இரண்டு வெல்க்ரோ பட்டை, வட்டமான முன்பக்கம், ரப்பர் அடிப்பாகம். பள்ளி திறப்பதற்குள் கால் பழகட்டும் என்று முன்கூட்டியே வாங்கிவிட்டோம். வீட்டுக்குள், மாடிப்படியில், பூங்காவில் என்று தினமும் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள். எனவே கடையில் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிற அபிப்பிராயம் இல்லை இது. எனக்குத் தொழில் தையல். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைப் புரட்டித் தையலைத்தான் பார்ப்பேன். இந்த ஷூவையும் அப்படித்தான் பார்த்தேன்.

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒன்று சொன்னார். விரிப்பில் உட்கார்ந்து விளையாடும் நேரத்தில் பிள்ளைகள் ஷூவைக் கழற்ற வேண்டும், வெளியே போகும்போது மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது ஒவ்வொரு காலாகக் குனிந்து மாட்டிவிட ஆளில்லை. "அவங்களே போட்டுக் கழற்றுற மாதிரி வாங்குங்க" என்றார். அதற்குப் பிறகு நான் ஷூவைப் பார்த்த விதமே அதுதான். பக்கத்தில் யாரும் இல்லாமல் என் பெண் இதைப் போட்டுக்கொள்வாளா? நிறம், பளபளப்பு, பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

நாடா வைத்த ஷூ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு வயதுக் கைக்கு அது ஆகாது. நாடாவில் முடிச்சுப் போட்டு இறுக்குவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்கு மேல்தான் பிடிபடும். சிலருக்கு ஏழு வயது ஆகிவிடும். ஒரு கை வளையத்தைப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு கை அதைச் சுற்றி வர வேண்டும், அப்புறம் இரண்டும் சேர்ந்து இழுக்க வேண்டும். என்னிடம் தையல் பழக வரும் பெரியவர்களே, ஒரு கை துணியை நகர்த்தும்போது மறு கை வேறு வேலை செய்வதற்குச் சில நாள் தடுமாறுவார்கள். குழந்தைக்கு வரவில்லை என்றால் அதில் சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வயது அப்படி.

வெல்க்ரோவை நான் பைகளுக்கும் முதியோர் உடைகளுக்கும் நிறையத் தைத்திருக்கிறேன். ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1941-ல் தன் நாயோடு மலைப்பக்கம் போய்த் திரும்பியபோது, துணியிலும் நாயின் முடியிலும் நாயுருவி போல ஒட்டிக்கொண்டு வந்த காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாராம். முள்ளின் நுனிகள் கொக்கியாக வளைந்திருந்தன. அதையே நைலானில் செய்து 1955-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு பக்கம் முரட்டுக் கொக்கிகள், மறுபக்கம் மெத்தென்ற வளையங்கள். பட்டையைப் பக்கவாட்டில் இழுத்தால் ஆயிரக்கணக்கான கொக்கிகள் ஒரே நேரத்தில் பிடிக்கும். நுனியிலிருந்து உரித்தால் ஒவ்வொரு வரிசையாகத்தான் விடும். ஓடும்போது கால் பட்டையைப் பக்கவாட்டில்தான் இழுக்கிறது, அதனால் கழலாது. கழற்றும்போது குழந்தை நுனியிலிருந்து உரிக்கிறாள், அதனால் சின்ன விரலின் பலமே போதும்.

அந்த நுனியில்தான் இந்த ஷூ எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பட்டையின் கடைசியில் ஒரு விரல் அகலத்துக்கு வெல்க்ரோ வைக்காமல் சும்மா விட்டிருக்கிறார்கள். அந்த இடம் எதிலும் ஒட்டாமல் கொஞ்சம் தூக்கியபடி நிற்கிறது. மகள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதில் கொடுத்துப் பிடித்து இழுக்கிறாள். இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் ஷூ இருந்தது. அதில் வெல்க்ரோ விளிம்பு வரைக்கும் இருக்கும். நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துவிட்டு, பிடி கிடைக்காமல் காலை உதறுவாள். அதில் வெல்க்ரோவைப் பசை வைத்துத்தான் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலை பிய்ந்ததும் மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. இதில் நாலு ஓரமும் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் நூல் பிரியாமல் இருக்க ரிவர்ஸ் அடித்திருக்கிறார்கள், அதாவது அதே இடத்தில் திரும்பவும் பின்னோக்கித் தைத்திருக்கிறார்கள். தையல் சின்னச் சின்னதாக, இழுத்துப் பிடிக்காமல் சீராக இருக்கிறது. இதைத் தைத்தவருக்குக் கை நன்றாகப் பழகியிருக்கிறது. இந்தப் பட்டை பிய்ந்து வரும் என்று எனக்குப் பயமே இல்லை.

இன்னொரு நல்ல விஷயம் நாக்கு. பட்டைகளுக்கு அடியில் இருக்கும் அந்த நாக்கு பல ஷூக்களில் கீழே மட்டும்தான் தைத்திருக்கும். காலை உள்ளே விடும்போது அது மடங்கி உள்ளே போய்விடும். குழந்தைக்கு என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது, "வேண்டாம்" என்று மட்டும் சொல்லும். இதில் நாக்கின் ஒரு பக்கத்தை மேல் வரை ஷூவோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மறுபக்கம் கதவு திறப்பது மாதிரி முழுவதும் திறக்கிறது. கால் போகிற வழி பெரிதாகக் கிடைக்கிறது, நாக்கும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காலை நேரம் எங்கள் வீட்டில் இப்போது இப்படிப் போகிறது. அவர் வேலைக்கு முன்னதாகவே கிளம்பிவிடுவார். நானும் மகளும் மட்டும்தான். பள்ளி தொடங்கும் நேரத்துக்கே எழுந்து, பல் தேய்த்து, சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய் வருவதை ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறோம். கடைசிக் கட்டம் ஷூ. அவள் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்காருகிறாள். இரண்டு பட்டையையும் முழுசாகத் திறக்கிறாள். நாக்கை வெளியே தள்ளுகிறாள். கால்விரல்களை உள்ளே விட்டு, எழுந்து நின்று, குதிகாலைத் தரையில் தட்டித் தட்டி இறக்குகிறாள். மறுபடி உட்கார்ந்து கீழ்ப்பட்டை, அப்புறம் மேல்பட்டை. இந்த வரிசையை மாற்றவே மாட்டாள். நடுவில் நான் கையை நீட்டினால் "நானே!" என்று என் கையை ஒதுக்கிவிடுகிறாள். ஆரம்பத்தில் நேரம் ரொம்ப எடுத்தது. இப்போது நான் பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் ஒரு கால் முடிந்திருக்கிறது.

இதைப் பழக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். கடைசி வேலையை முதலில் குழந்தையிடம் விடுங்கள். ஷூவை நீங்கள் மாட்டிவிட்டு, பட்டையை ஒட்டுவதை மட்டும் குழந்தையிடம் கொடுங்கள். அது வந்த பிறகு குதிகாலை இறக்குவது, அப்புறம் காலை உள்ளே விடுவது. பின்னாலிருந்து முன்னால் வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த சந்தோஷம் குழந்தைக்குக் கிடைக்கிறது. எங்களுக்கு இதுதான் கைகொடுத்தது. கழற்றுவது போடுவதைவிட எளிது, அது தானாகவே வந்துவிடும்.

இடது வலது குழப்பத்துக்கும் இந்த ஷூவிலேயே வழி இருக்கிறது. பட்டைகள் உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போய் ஒட்டுகின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால் பட்டை நுனிகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி வெளியே பார்க்க வேண்டும். ஒன்றையொன்று பார்த்தால் மாறிவிட்டது என்று அர்த்தம். அதோடு ஒரு யானைப் படத்தை இரண்டாக வெட்டி, பாதியை ஒரு ஷூவின் உள்ளேயும் மீதியை இன்னொன்றிலும் ஒட்டினேன். யானை முழுசாகத் தெரிந்தால் சரி. இப்போது அவள் யானையைப் பார்ப்பதுகூட இல்லை, பட்டை நுனியைப் பார்த்தே வைத்துவிடுகிறாள்.

அளவு எடுப்பதில் அவசரம் வேண்டாம். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் கொஞ்சம் பெருத்திருக்கும், அதனால் மாலையில், பள்ளிக்குப் போடப்போகும் சாக்ஸோடு, நிற்க வைத்து அளக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே நீளம் இருக்காது. பெரிய பாதத்துக்குத்தான் எடுக்க வேண்டும். இந்த ஷூவில் இன்சோலை, அதாவது உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, தனியாக எடுக்க முடிகிறது, அது பெரிய உதவி. அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் குழந்தையை நிற்க வைத்தால், நீளமான விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு சென்டிமீட்டர், அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் போதும். "இடிக்குதா?" என்று குழந்தையைக் கேட்டு நம்ப முடியாது. இந்த வயதில் பாத எலும்புகள் பல இடங்களில் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். இறுக்கமான ஷூவுக்குள் விரல் மடங்கினாலும் பெரிதாக வலிக்காது. வளரும் என்று ஒரேயடியாகப் பெரிதாக வாங்குவதும் நல்லதில்லை, படியில் முனை தட்டும். சில மாதத்துக்கு ஒரு முறை இதே மாதிரி இன்சோலில் நிற்க வைத்துப் பார்ப்பதுதான் வழி.

அடிப்பாகம் சரியான இடத்தில், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைகிறது. குதிகாலைச் சுற்றிய பகுதி கெட்டியாக இருக்கிறது. ஈரத் தரையில் வழுக்கவில்லை. இதில் குறை ஒன்றும் இல்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. குதிகாலுக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அது ரொம்பச் சின்னது. என் மகளின் விரல்கூட அதற்குள் போகவில்லை. நான் அதில் பருத்தி நாடாவால் பெரிய வளையமாகத் தைத்துவிட்டேன், அதற்கப்புறம்தான் குதிகால் எளிதாக இறங்கியது. தைக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? குழந்தைகளுக்காகச் செய்யும் பொருளில் இதைத் தயாரிப்பவர்களே பார்த்திருக்க வேண்டும். அப்புறம், கழற்றி மாட்டுகிற அதே இன்சோல் காலை வேகமாக விட்டால் பின்பக்கம் சுருண்டுகொள்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைக் குதிகால் பக்கம் சின்னதாக வைத்தேன், நிற்கிறது. அளவு பார்க்க வேண்டியபோது எடுத்துவிடலாம்.

வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தின் மூலைகள் சதுரமாக இருக்கின்றன. பட்டை கொஞ்சம் கோணலாக ஒட்டினால் அந்த மூலை வெளியே நீட்டிக்கொண்டு சாக்ஸின் நூலை இழுக்கிறது. நல்ல சாக்ஸ் ஒன்று இப்படித்தான் பாழானது. தையலுக்கு வெளியே இருந்த மூலையை மட்டும் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கிவிட்டேன். தையலை வெட்டிவிடாமல் பார்த்துச் செய்ய வேண்டும். மேல்பகுதி செயற்கைத் தோல், காற்று போவதில்லை. வெயிலில் ஓடிவிட்டு வந்தால் சாக்ஸ் ஈரமாகிவிடுகிறது. மெல்லிய பருத்தி சாக்ஸ் போட்டு, வீட்டுக்கு வந்ததும் பட்டையைத் திறந்து காற்றில் வைக்கிறோம்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். பட்டையைப் பிரிக்கும்போது வரும் அந்த 'ர்ர்ர்' பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த சத்தம். வகுப்பில் எல்லாரும் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் ஆசிரியைக்குத் தாங்காது. "போடும்போது ஒரு தரம், கழற்றும்போது ஒரு தரம்" என்று வீட்டிலேயே பழக்கி வருகிறேன். இதில் இன்னும் முழு வெற்றி இல்லை.

பராமரிப்பு கொஞ்சம் வேண்டும். கொக்கிகளுக்குள் நூல், முடி, தூசி எல்லாம் அடைந்துகொண்டே போகும். அடைந்துவிட்டால் வளையத்தைப் பிடிக்க இடமில்லாமல் பட்டை ஒட்டாது. வெல்க்ரோ போய்விட்டது என்று பல பேர் தூக்கிப் போடுவது இந்த நிலையில்தான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி வந்துவிடும், மீதியை ஊசி முனையால் வரிசைக்கு நடுவில் கிளறி எடுக்கலாம். துடைக்கும்போதும் அலசும்போதும் பட்டைகளை மூடியே வையுங்கள், திறந்திருந்தால் தண்ணீரில் இருக்கும் நூலையெல்லாம் கொக்கி பிடித்துக்கொள்ளும். மெத்துப் பக்கம் நாளானால் பிசிறு கிளம்பித் தேயும், அதைச் சுத்தம் செய்து சரிசெய்ய முடியாது. ஆனால் தைத்த வெல்க்ரோ என்பதால், அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிட்டுப் புதிது வைக்கலாம். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் செய்து தருவார்.

ஒல்லியான பாதமுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். தங்கை மகனும் இதே ஆண்டுதான் சேருகிறான். அவனுக்கு இதை மாட்டிப் பார்த்தோம். மேல்பட்டையை இறுக்கி இழுத்தால் அது மெத்துப் பக்கத்தைத் தாண்டிப் போய், முரட்டுப் பக்கம் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. தளர்வாக விட்டால் குதிகால் கழன்றது. அவன் காலுக்கு, பட்டை ஷூவின் பக்கத்தில் இருக்கும் ஒரு வளையத்துக்குள் நுழைந்து மடங்கி வந்து தன் மேலேயே ஒட்டும் வகை பொருந்தலாம் என்று தோன்றுகிறது, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். ஆனால் பட்டை வளையத்தை விட்டு உருவி வந்துவிட்டால் சின்னக் கையால் மறுபடி கோக்க முடியாது, அதனால் நுனி தடிமனாகத் தைத்து உருவாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தங்கையும் நானும் அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்துப் போட்டுப் பார்த்ததும் அதைப் பற்றியும் எழுதுகிறேன்.