டார்ச்சா, பிரிசமா? மாறுகண் குழந்தைக்கு எந்த அளவை நம்புவது

"ஒன்றரைக் கண் அதிர்ஷ்டம்" என்று சொல்லிப் பிள்ளையைக் காட்டாமலே வைத்திருக்கும் வீடுகள் அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் இன்னும் உண்டு. அந்தக் காலத்தாழ்விலேயே திரும்பிய கண் பார்வை மங்கிப்போகிறது.

அங்கன்வாடி முகாமுக்கு டார்ச் போதும். 33 செ.மீ. தூரத்தில் பிடித்து, இரு கண்மணியிலும் ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 1 மி.மீ. விலகினால் சுமார் 7 டிகிரி, அதாவது ஏறத்தாழ 15 பிரிசம் (பிரிசம் என்பது ஒளியை வளைக்கும் முப்பட்டைக் கண்ணாடி; அதன் எண்ணே மாறுகண் கோணத்துக்கு அளவு). மூக்கோரத் தோல் மடிப்பால் மாறுகண் போலத் தெரியும் குழந்தையையும் இது பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அரை மி.மீ. தப்பாகப் பார்த்தாலே 7, 8 பிரிசம் போய்விடும். ஆபரேஷனுக்கு அது தாங்காது: உள்நோக்கிய மாறுகண்ணில் 30 பிரிசத்துக்கு இரு கண்ணின் உட்தசையையும் 4.5 மி.மீ. பின்தள்ளுவார்கள், 40 என்றால் 5.5 மி.மீ.

ஆகவே கத்தி வைக்கும் முன் பிரிசம் வைத்துக் கண்ணை மாற்றி மாற்றி மறைக்கும் சோதனை கட்டாயம். 6 மீட்டரிலும் 33 செ.மீ.யிலும், கண்ணாடி போட்டபடியே அளக்க வேண்டும். பிள்ளை பார்ப்பது வெறும் வெளிச்சமாக இருக்கக் கூடாது, நுணுக்கமான சின்னப் படம் வேண்டும். வெளிச்சத்துக்குக் கண் குவிய வேண்டியதில்லை. குவியும்போது கூடும் உள்திருப்பம் அளவில் வராமலே போகும். மறைப்பை எடுக்கும்போது ஒரு நொடிகூட இரு கண்ணும் சேர்ந்து பார்க்கக் கூடாது. பெரிய கோணத்துக்கு ஒரே கண் முன் இரண்டு பிரிசம் அடுக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. அவற்றின் எண்களை அப்படியே கூட்ட முடியாது, இரு கண்ணுக்கும் பிரித்து வைக்க வேண்டும்.

ஒரு கண்ணால் நிலைத்துப் பார்க்கவே முடியாத குழந்தையிடம் இந்தச் சோதனை நடக்காது. அங்கே கிரிம்ஸ்கி முறைதான்: பிரிசம் வைத்து ஒளிப்புள்ளியை நடுவுக்குக் கொண்டுவருவது. இரண்டாந்தரம்தான், ஆனால் வெறும் டார்ச்சை விட மேல்.

இத்தனைக்கும் முன்னால் சொட்டு மருந்து போட்டுக் கண்ணாடி எண் பார்த்தாக வேண்டும். பிளஸ் கண்ணாடியிலேயே முழுசாக நேராகும் கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம். மிச்சம் நிற்கும் கோணத்துக்கு மட்டும்தான் கத்தி.

பலனை எதைக் கொண்டு அளப்பது? கல்யாண வீட்டுப் போட்டோவில் நேராகத் தெரிவதை வீட்டார் பார்ப்பார்கள். 10 பிரிசத்துக்குள் நிற்கிறதா என்பது மருத்துவக் கணக்கு. அதுவும் முழுக் கணக்கல்ல. ஒவ்வொரு கண்ணின் பார்வையையும், இரு கண்ணும் சேர்ந்து ஆழம் அறிவதையும் சோதிக்காமல் வெற்றி என்று எழுதக் கூடாது. விட்டுவிட்டு வெளியே ஓடும் கண்ணில் ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் சற்று உள்ளே திரும்பி, இரண்டிரண்டாகத் தெரியலாம். பெரும்பாலும் வேண்டுமென்றே அப்படி விடுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை. ஆறாம் வார அளவைத் தவறவிடாதீர்கள். கண் நேரானாலும் டாக்டர் சொல்லும்வரை நல்ல கண்ணை மூடும் ஒட்டுப்பட்டையை நிறுத்தாதீர்கள்.