டாலர் சந்தாவா, வடசேரி மாடியா?

ஒக்கிப் புயல் நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வாய்ஸ் மெசேஜ்கள்தான் என் ஆய்வுப் பொருள். தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டால் ஆகாது, பேச ஆள் வேண்டும். ஒன்று, இணையப் பண்பாட்டை ஆராய்பவர்களின் உலக அமைப்பான அசோசியேஷன் ஆஃப் இன்டர்நெட் ரிசர்ச்சர்ஸில் சந்தா கட்டிச் சேர வேண்டும். இல்லையென்றால் நாகர்கோவில் வடசேரியில் நண்பர் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் ஏழெட்டுப் பேரோடு உட்கார வேண்டும். நான் மாடியேறினேன்.

அமைப்பு சின்னதில்லை. 1999-இல் தொடங்கி, 2000-இல் அமெரிக்காவின் கன்சாஸில் முதல் மாநாடு நடத்தியது. தொடர்பு, பெயர், ஆள்பலம் எல்லாம் அங்கேதான். மாடியில் டீயும் பழம்பொரியும். சரி, அது தெரிந்த கதை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: அடுத்தவர் பேச்சை ஆய்வேட்டில் எப்படி எடுத்தாள்வது? இதற்கு அந்த அமைப்பு 2002, 2012, 2019 என மூன்று முறை நெறிமுறை வகுத்திருக்கிறது. உறுப்பினர் ஆகாமலே படிக்கலாம். சட்டம் போடாமல் கேள்வி கேட்கும் ஆவணம் அது: பேசியவர் யார் கேட்பார்கள் என்று நினைத்துப் பேசினார், இதனால் அவருக்குத் தீங்கு வருமா? படித்துவிட்டு, கரைக்கு வராத படகைப் பற்றி ஒரு பெண் விசாரிக்கும் குரல் பதிவில் பெயர், ஊர், எண் மூன்றையும் நீக்கி, மற்றதை அப்படியே எழுதினேன்.

மாடியில் வாசித்துக் காட்டினேன். தூத்தூர் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் நிறுத்தச் சொன்னார். "மக்களே, பேரை வெட்டி என்ன புண்ணியம்? பேச்சைக் கேட்டாலே எந்த ஊர்க்காரின்னு தெரியுதே." மலையாளம் கலந்த அந்தக் கடற்கரைப் பேச்சு எனக்கு ஒன்றாகத்தான் கேட்கும், அவருக்கு ஊருக்கு ஊர் வேறு. ஊர் தெரிந்தால், ஒக்கி வீசிய 2017 நவம்பர் 30-க்குப் பிறகு அங்கே யார் வீட்டு ஆள் திரும்பவில்லை என்பதும் தெரிந்துவிடும். நெறிமுறை கேட்ட கேள்விக்கு விடை மாடியில்தான் இருந்தது.

மாடியிலும் தொல்லை உண்டு. பரீட்சை நேரத்தில் ஈ காக்கை வராது. பேசியது எதுவும் எழுத்தில் நிற்பதில்லை. வேலை தேடும்போது காட்டச் சான்றிதழும் கிடையாது. மாநாட்டுக்கு நான் போனதில்லை என்பதால் அந்தப் பக்கத்தை முழுதாக எடைபோட்டதாகச் சொல்ல மாட்டேன். மீம், யூடியூப் என்று உலகம் முழுக்க ஓடும் விஷயத்தை ஆராய்பவர் என்றால் சந்தா கட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் பதிவை நீக்கிவிட்டு, சேதியை மட்டும் என் வார்த்தையில் எழுதியிருக்கிறேன். அதையும் வரும் சனிக்கிழமை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர்.