ஆடிச் சாரலில் பாலிஷ் வேலை

மெல்பர்னில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பழைய சாமானாக வாங்கியது. தேய்த்து எண்ணெய் பூசியது நான்தான். அங்கே அதற்கு ஆள் கூப்பிட்டால் மேசை விலையைக் கூலி தாண்டிவிடும். சனி ஞாயிறில் பன்னிங்ஸ் கடைக்குப் போய் உப்புத்தாளும் டப்பாவும் வாங்கி, வாசலில் சுட்டு விற்கும் சாசேஜைத் தின்றுகொண்டே திரும்புவது அந்த ஊர் வழக்கம். அந்தத் தெம்பில்தான் ஜூலையில் மூன்று வார லீவில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான தக்கலைக்கு வந்ததும், "மேசையை நானே பாத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

வேலை மூன்று சாமான்களுக்கு. தேக்கு மேசை, பாட்டாவின் ஈசி சேர், பச்சை பெயிண்ட் அடித்த பழைய அலமாரி.

ஹார்டுவேர் கடையில் 80, 120, 220 நம்பர் தாள் கேட்டதும் கடைக்காரர், "ஆசாரி சொல்லி விட்டாரா?" என்றார். எனக்குத்தான் என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். முற்றத்தில் தேய்க்க உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரித்தார்கள். "ஆஸ்திரேலியாவுல உனக்கு இதுதான் வேலையா மக்கா?" என்று ஒரு மாமா கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான கவலை. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. மகன் முற்றத்தில் உட்கார்ந்து மரம் தேய்ப்பதை ஊர் பார்க்கிறதே என்று.

தேய்த்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. முதல் கோட் வார்னிஷ் அடித்த மாலையே சாரல். மறுநாள் தொட்டால் விரல் ஒட்டியது. லீவு ஓடுகிறதே என்ற பதற்றத்தில் அதன்மேலேயே இரண்டாவது கோட். காலையில் பார்த்தால் பாலாடை போல மேலே சுருங்கி, நடுவில் நாலைந்து ஈசல் வேறு.

சரி, ஆள் வைப்போம் என்று இறங்கினேன். முதலில் கிடைத்தவர் 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மூன்று நாள் "நாளைக்கு வாறேன்" என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை. இந்தக் கதை ஊருக்கு வரும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். கடைசியில் எங்கள் வீட்டுக் கதவு செய்த ஆசாரி ஒரு பாலிஷ்காரரை அனுப்பினார். அறுபது வயதிருக்கும்.

அவர் மேசையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "யாரு அடிச்சது?" என்றார். சொன்னேன். "தேய்ச்சது கொள்ளாம்" என்று மட்டும் சொன்னார். கொள்ளாம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நன்றாயிருக்கிறது.

மொத்தமாகப் பேசினால் 7,500, நாள் சம்பளம் என்றால் 1,200, இரண்டிலும் சாமான் செலவு தனி. மொத்தம் பேசிவிடலாம் என்றேன் நான். அம்மா விடவில்லை. மொத்தம் பேசினால் அடுத்த வீட்டு வேலைக்கு ஓடும் அவசரம் வரும், நாள் சம்பளம் என்றால் காய விடுவார் என்பது அம்மா கணக்கு. அந்தக் கணக்குதான் சரி.

ஈசி சேருக்கு அரக்கு பாலிஷ். அரக்குச் செதில்களை முந்தின இரவே ஸ்பிரிட்டில் ஊறப் போட்டுக் கொண்டுவந்தார். பஞ்சைத் துணியில் பொதிந்து உருண்டையாக்கி, அதில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். வெயில் ஏறி பத்து மணியான பிறகே ஆரம்பிப்பார், வானம் மூடினால் அந்த நிமிடமே நிறுத்துவார். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அங்கே படிந்து பாலிஷ் வெளுத்துவிடும். அவர் இதை, "மழையில அடிச்சா பூத்துரும் கேட்டியா" என்று முடித்துக்கொண்டார்.

மழை நாளில் அவர் வரவில்லை, அந்த நாளுக்குச் சம்பளமும் கேட்கவில்லை. அப்படி ஒரு நாள் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். 1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைப் பராமரிப்பது கேரள அரசுதான். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், லீவு. அந்தக் கறுப்புத் தரையின் மினுக்கத்தைப் பார்த்தபோது, இதைத் தேய்த்தவர்களை யாரும் அவசரப்படுத்தியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

தேய்ப்பு வேலையை மட்டும் அவர் என்னிடம் விட்டார். "வரி போற போக்குல தேய் மக்களே, குறுக்க போகாத" என்று ஒரு தடவை அதட்டவும் செய்தார். அலமாரி விஷயத்தில் நான் அவரை மறித்தேன். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கறாரான வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய, அதுவும் பாட்டா காலத்துப் பச்சை பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசு பிள்ளைகள் வாய்க்குப் போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று நின்றேன். சிரித்தார். "இத்தன வருசம் நான் தின்னது போதாதா?" என்றார். ஆனாலும் வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மேசைக்கு அரக்கு வேண்டாம் என்றார், சூட்டுப் பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழுமாம். என் சுருக்கத்தை உரித்தெடுக்கவே அவருக்கு இரண்டு நாள், அதாவது 2,400 ரூபாய். அப்புறம் என் டப்பாவில் மீதியிருந்த அதே வார்னிஷைத்தான் அடித்தார், மெல்லிசாக, கோட்டுக்குக் கோட் இரண்டு நாள் விட்டு. அது கண்ணாடி மாதிரி வந்தது.

அவருக்கு ஏழு நாள் சம்பளம், 8,400. அலமாரிக்கு வெளியே மட்டும்தான் முடிந்தது. உள்தட்டுகளை அடுத்த லீவில் நானே அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். போன வாரம் அம்மா போனில் சொன்னார், அவரிடமே பேசியாகிவிட்டதாம். கார்த்திகை மழை கழியட்டும் என்றிருக்கிறார்.